ஸ்டெப்னி எங்கே?

‘ஸ்டெப்னி’ என்ற வார்த்தையைக் கேள்விப்படாதவர்கள் நம் ஊரில் உண்டா? காரே வாங்காதவர்களுக்குக்கூட அது தெரியும். வாடகைக் கார் டிரைவர் டிக்கியைத் திறந்து, “பெட்டியை இப்படி ஓரமா வைங்கம்மா, அடியில ஸ்டெப்னி இருக்கு” என்று சொல்லக் கேட்டிருப்பார்கள். ஆனால் இதே வார்த்தையை ஓர் அமெரிக்கரிடம் சொல்லிப் பாருங்கள். திருதிருவென்று விழிப்பார்! அவர் ஊரில் அதற்கு ‘ஸ்பேர் டயர்’ என்று பெயர்.

உண்மையில் ஸ்டெப்னி என்பது ஒரு தெருவின் பெயர். பிரிட்டனைச் சேர்ந்த வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்று ஓர் ஊர். அங்கே ஸ்டெப்னி தெருவில் இருந்த தாமஸ் மாரிஸ் டேவிஸ் என்பவர் 1904-ம் வருஷம் ஒரு யுக்தி கண்டுபிடித்தார். அந்தக் காலத்து மோட்டார்களில் உபரிச் சக்கரம் என்று ஒன்றே கிடையாது. பஞ்சர் ஆனால் நடு வழியில் உட்கார்ந்து, டயரைப் பிய்த்து, டியூபுக்கு ஒட்டுப் போட்டு, கைப் பம்பினால் காற்றடித்து, மழையோ வெயிலோ அங்கேயே மணிக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டும். டேவிஸ் என்ன செய்தார் தெரியுமா? ஆரக் கால்கள் இல்லாத ஒரு வளையத்தில் காற்றடைத்த டயரைப் பூட்டி, பஞ்சரான சக்கரத்தோடு சேர்த்து முடுக்கிவிடும்படி செய்து கொடுத்தார். நோய்க்காரனுக்குத் தோள் கொடுத்து அழைத்துப் போவது மாதிரி! அது உலகமெல்லாம் விற்றது. தெருவின் பெயர் சக்கரத்துக்கு ஒட்டிக்கொண்டது. வேறு நாடுகள் அந்தப் பெயரை மறந்தாலும் நாம் மறக்கவில்லை. நம்மோடு மால்ட்டா தீவுக்காரர்களும் மறக்கவில்லை. பிரேஸிலிலும் அதை ‘எஸ்டெப்பி’ என்று கொஞ்சம் உருமாற்றி இன்றும் வழங்குகிறார்கள்.

நூறு வருஷத்துக்கு மேல் டிக்கியின் அடியில் கண்ணுறங்கிக் கொண்டிருந்த அந்தச் சக்கரம், இப்போது சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. அதுதான் இன்று நாம் பேச வேண்டிய சமாசாரம்.

உங்கள் வீட்டுக் கார் வாசலில்தானே நிற்கிறது? இந்தப் பக்கத்தைப் படித்து முடித்த கையோடு, சாவியை எடுத்துக்கொண்டு போய் டிக்கியின் தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். மற்ற நாலு சக்கரங்களைப் போலவே ஒரு முழுச் சக்கரம் இருந்தால் நீங்கள் அதிருஷ்டசாலி. சற்று ஒல்லியாக, சைக்கிள் சக்கரத்துக்குத் தம்பி மாதிரி ஒன்று இருந்தாலும் பாதகமில்லை. அது தற்காலிகச் சக்கரம். அநேகமாக எண்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். ஆனால் சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னப் பெட்டியும், அதற்குள் ஒரு காற்றடிக்கும் யந்திரமும், ஷாம்பு பாட்டில் போல் ஒரு பாட்டிலும் மட்டும் இருக்கின்றனவா? அப்படியானால் உங்களுக்காகவே இந்தக் கட்டுரை.

“இதென்ன அநியாயம்! இத்தனை லட்சம் கொடுத்து வாங்கின காரில் ஸ்டெப்னி வைக்காமல் ஏமாற்றிவிட்டார்களே!” என்று கோபப்படாதீர்கள். இது சட்டப்படி நடந்திருக்கிறது. 2020-ம் வருஷம் ஜூலை மாதத்தில் மத்திய அரசாங்கம் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. டிரைவரைத் தவிர எட்டுப் பேருக்கு மேல் உட்காராத, மூன்றரை டன்னுக்கு மேற்படாத கார்களில், டியூப் இல்லாத டயர்களும், டயரில் காற்று குறைந்தால் எச்சரிக்கும் கருவியும், பஞ்சர் சரி செய்யும் சாமான்களும் இருந்தால் போதும், உபரிச் சக்கரம் அவசியமில்லை என்பது திருத்தம். மின்சாரக் காரில் பாட்டரி இடத்தை அடைத்துக்கொள்கிறது. காஸில் ஓடும் காரில் சிலிண்டர் டிக்கியில் குடியேறிவிடுகிறது. போதாததற்கு, என்றைக்கோ ஒரு நாள் தேவைப்படும் சக்கரத்தைத் தினம் தினம் சுமப்பானேன் என்ற சிக்கனக் கணக்கு வேறு. கம்பெனிக்காரர்கள் சொல்லும் காரணங்களில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் காரை ஒப்படைக்கும் அன்று மாலை போட்டு, இனிப்புக் கொடுத்து, போட்டோ எடுக்கிறவர்கள், “இதில் ஸ்டெப்னி கிடையாது, பஞ்சர் ஆனால் இப்படிச் செய்யுங்கள்” என்று ஐந்து நிமிஷம் செலவழித்துச் சொல்லிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? நான் விசாரித்த வரையில் அப்படி யாருக்கும் சொன்னதாகத் தெரியவில்லை.

என் சிநேகிதி ஒருத்தி போன வருஷம் சென்னையிலிருந்து திருச்சிக்குப் புறப்பட்டாள். அவள்தான் ஓட்டினாள். பக்கத்தில் கணவர். பின்னால் மாமியாரும் இரண்டு குழந்தைகளும். திண்டிவனம் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் முகப்பில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. குதிரை லாடம் போன்ற ஒரு வடிவம், நடுவே ஓர் ஆச்சரியக்குறி.

“இது என்ன விளக்குங்க?”

“ஏதாவது சென்சார் கோளாறா இருக்கும். நீ பாட்டுக்கு ஓட்டு. விக்கிரவாண்டி டோல்கேட்டுல நிறுத்திப் பார்த்துக்கலாம்.”

நாலைந்து நிமிஷம் ஆயிற்று. பின் ஸீட்டில் கண்ணை மூடிக்கொண்டிருந்த மாமியார்தான் முதலில் சொன்னார்: “ஏம்மா, வண்டி ஒரு பக்கம் நொண்டுற மாதிரி இருக்கே?”

“ரோடு சரியில்லைம்மா” என்றார் பிள்ளை.

மாமியார் பிறந்தது மாட்டு வண்டி வைத்திருந்த வீடு. சக்கரம் நொண்டுவதும் சாலை நொண்டுவதும் ஒன்றல்ல என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் பிள்ளை பேச்சுக்கு மறுபேச்சு வேண்டாம் என்று இருந்துவிட்டார். இன்னும் இரண்டு கிலோமீட்டர் போனதும் ‘தடதட’வென்று சத்தம், ரப்பர் கருகும் நாற்றம். நிறுத்தி இறங்கிப் பார்த்தால் இடது பக்கத்துப் பின் டயர் தோசைக்கல்லில் ஒட்டிக்கொண்ட ஊத்தப்பம் மாதிரி கிடந்தது. பெட்டியைத் திறந்து, பாட்டிலை மாட்டி, காற்றடித்தார்கள். ஒரு பக்கம் அடிக்க, மறு பக்கம் டயரின் விலாவிலிருந்து வெள்ளைத் திரவமும் காற்றும் புஸ்ஸென்று பீறிட்டு வந்தன. பாட்டிலும் போயிற்று, டயரும் போயிற்று. கம்பெனியின் உதவி வண்டி வந்து காரைத் தூக்கிக்கொண்டு போகும் வரையில் இரண்டரை மணி நேரம் சாலையோரத்து வேப்ப மரத்தடியில்!

பஞ்சர் கடைக்காரர் டயரைக் கழற்றி உள்ளே விரலை விட்டுத் தடவினார். கறுப்புப் பொடியாக ரப்பர் உதிர்ந்தது. டயரிலிருந்து ஓர் ஆணியையும் பிடுங்கிக் காட்டினார். நம் வீட்டில் சாமி படம் மாட்டுவோமே, அந்த ஆணிதான்.

“ஆணி பெரிய விஷயமே இல்லைம்மா. விளக்கு எரிஞ்ச உடனே நிறுத்தியிருந்தா பத்து நிமிஷ வேலை. காத்து இல்லாம ஓட்டினதுதான் டயரைத் தின்னுடுச்சு” என்றார்.

அவர் சொன்னதைச் சற்று விளக்கிச் சொல்கிறேன். காரின் பாரத்தைத் தாங்குவது டயர் அல்ல. டயருக்குள் இருக்கும் காற்று. காற்று இறங்கிவிட்டால், டயரின் பக்கவாட்டுச் சுவர் இரும்பு வளையத்துக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே அம்மியில் அகப்பட்ட மிளகாய் மாதிரி அரைபடுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி மடங்கி நிமிர்கிறது, சூடேறுகிறது, உள்ளே இருக்கும் நூல் இழைகள் அறுகின்றன. இதற்கு நூறு மைல் ஓட வேண்டியதில்லை. ஓரிரு கிலோமீட்டரே போதும். வெளியே பார்த்தால் டயர் நன்றாகத்தான் இருக்கும். அதுதான் ஆபத்து. மறுபடி காற்றடித்து வேகமாக ஓட்டும்போது திடீரென்று வெடிக்கும்.

டியூப் உள்ள டயரில் ஆணி குத்தினால் காற்று சட்டென்று இறங்கும். டியூப் இல்லாத டயரில் அப்படியல்ல. ஆணி குத்தின இடத்தில் ஆணியே அடைப்பானாக நின்றுகொள்ளும். காற்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கசியும். ஆகவே, அந்த மஞ்சள் விளக்கு எரியும்போது பெரும்பாலும் நமக்கு அவகாசம் இருக்கிறது. இடம் பார்த்து நிறுத்தவும், யோசிக்கவும், காரியம் செய்யவும் போதுமான அவகாசம். அதை வீணடித்தால்தான் வம்பு.

சரி, விளக்கு எரிகிறது. அல்லது ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுக்கிறது. என்ன செய்வது?

பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுங்கள். டயர் வெடித்தாலும் இதுதான் வைத்தியம். வேகம் தானாகக் குறையட்டும். இடது பக்க இண்டிகேட்டரைப் போட்டு ஓரம் கட்டுங்கள். வளைவிலும், பாலத்தின் மேலும், மேட்டின் மறு பக்கத்து இறக்கத்திலும் நிறுத்தாதீர்கள். பின்னால் வருகிறவனுக்கு உங்கள் கார் கடைசி நிமிஷத்தில்தான் தெரியும்.

இங்கேதான் ஒரு தர்மசங்கடம். நல்ல இடம் முந்நூறு கஜம் தள்ளி இருக்கிறது. ஒரு பெட்ரோல் பங்கோ, டீக்கடையோ, லாரிகள் ஒதுங்கும் இடமோ. அதுவரை ஓட்டினால் டயர் கெட்டுவிடுமே என்று தோன்றும். இருட்டு வேளையானால், அல்லது பஸ்ஸும் லாரியும் பறக்கும் சாலையானால், நான் தயங்காமல் சொல்வேன்: ஆபத்து விளக்குகளைப் போட்டுக்கொண்டு, நடக்கும் வேகத்தில் ஊர்ந்து போய் அங்கே நிறுத்துங்கள். டயர் போனால் கடையில் வாங்கலாம். என் சிநேகிதி கணவர் செய்ததும் இதுவும் ஒன்றாகாது. அவர்கள் எழுபது, எண்பதில் போனார்கள், டோல்கேட் வரையில் போகலாம் என்று நினைத்தார்கள். நான் சொல்வது உயிருக்குப் பயந்து ஊர்வது.

நிறுத்தியதும் கைப் பிரேக்கை இழுத்து, நாலு இண்டிகேட்டரும் ஒன்றாகக் கண் சிமிட்டும் சிவப்பு முக்கோணப் பொத்தானை அழுத்துங்கள். குழந்தைகளையும் பெரியவர்களையும் இடது பக்கக் கதவு வழியாகவே இறக்குங்கள். “காருக்குள்ளேயே ஏ.ஸி.யில் உட்கார்ந்திருக்கட்டும், பாவம்” என்று இரக்கப்பட வேண்டாம். நெடுஞ்சாலையில் நின்றுகொண்டிருக்கும் காரின் மேல் பின்னாலிருந்து வண்டி மோதுவது நம் ஊரில் அடிக்கடி நடக்கிற விபத்து. சாலையோரத்து இரும்புத் தடுப்புக்கு அப்பால், காருக்கு முன்னால் அல்ல, பின் பக்கமாகச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். காரை யாராவது இடித்தால் அது முன்னோக்கித்தான் பாயும். காரோடு கொடுத்திருக்கும் சிவப்பு எச்சரிக்கை முக்கோணத்தை ஐம்பது மீட்டராவது பின்னால் கொண்டுபோய் வைக்க வேண்டும். ஐம்பது மீட்டர் என்றால் நம் நடையில் எழுபது அடிவைப்புக்குக் குறையாது. சிலர் பம்பருக்கு அடியிலேயே வைத்துவிட்டுத் திருப்திப்படுகிறார்கள். வாசல் கோலத்தைக் கூடத்துக்குள் போட்ட மாதிரிதான் அது.

இவ்வளவும் ஆன பிறகு டயரைப் பாருங்கள். இந்தப் பாட்டில் வைத்தியம் எல்லாக் காயத்துக்கும் பலிக்காது. தரையைத் தொடும் பாகத்தில், பென்சிலைவிடச் சற்று மெலிந்த ஓட்டையாக, அதாவது ஆறு மில்லிமீட்டருக்குள் இருந்தால் பலிக்கும். டயரின் பக்கவாட்டில் கிழிசலோ குத்தலோ இருந்தால் பலிக்காது. அந்த இடம் ஓடும்போது ஓயாமல் மடங்கி விரிவதால் அங்கே எந்த ஒட்டும் நிற்காது. பள்ளத்தில் விழுந்து வளையம் நெளிந்திருந்தாலும், காற்றில்லாமல் வெகு தூரம் ஓட்டியிருந்தாலும் பாட்டிலைத் திறக்காதீர்கள். மருந்தை வீணாக்காமல் நேராக உதவிக்குப் போன் செய்வதே மேல்.

ஆணி கண்ணில் பட்டால் நம் கை சும்மா இருக்காது. பிடுங்கத் தோன்றும். பிடுங்காதீர்கள்! பானையில் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும் துணியை இழுத்துவிட்டு, தண்ணீர் ஒழுகுகிறதே என்று அழுவதற்குச் சமானம். ஆணி அங்கேயே இருக்கட்டும்.

இனிமேல் பாட்டில். ஒவ்வொரு கம்பெனியின் பெட்டிக்கும் சின்னச் சின்ன வித்தியாசம் உண்டு. பெட்டியின் மேலேயே படம் போட்டிருக்கும், அதுதான் வேதவாக்கு. பொதுவாகச் செய்முறை இது. பாட்டிலை நன்றாகக் குலுக்கி யந்திரத்தின் மேல் தலைகீழாகப் பொருத்த வேண்டும். அதிலிருந்து வரும் குழாயை டயரின் வால்வில் திருக வேண்டும். யந்திரத்தின் மின்சார வயரை, காருக்குள் போன் சார்ஜ் செய்கிறோமே, அந்த 12 வோல்ட் துளையில் செருக வேண்டும். பாட்டரி இறங்கிவிடாமல் இருக்க என்ஜின் ஓடிக்கொண்டிருக்கட்டும். மின்சாரக் காரானால் ‘ஆன்’ செய்து வையுங்கள். மூடின கொட்டகைக்குள் மட்டும் என்ஜினை ஓடவிட்டுக்கொண்டு இதைச் செய்யக் கூடாது, புகை விஷம்.

யந்திரத்தின் ஸ்விட்சைத் தட்டியதும் முள் ஒரேயடியாக மேலே ஏறும். “ஆஹா, வேலை முடிந்தது” என்று நிறுத்திவிடாதீர்கள். பாட்டிலிலிருந்து கெட்டியான திரவம் குழாய் வழியாக நெருக்கிக்கொண்டு போவதால் காட்டும் பொய்க் கணக்கு அது. அரை நிமிஷத்தில் முள் இறங்கிவிடும். அதற்குப் பிறகு ஏறுவதுதான் உண்மையான காற்று. எவ்வளவு ஏற வேண்டும் என்பது டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கிறது. பெரும்பாலான கார்களுக்கு முப்பதிலிருந்து முப்பத்தாறு வரையில். பத்து நிமிஷத்துக்குள் அதை எட்டிவிட வேண்டும். எட்டவில்லையா? குழாயைக் கழற்றிவிட்டு, காரை ஒரு பத்து மீட்டர் முன்னும் பின்னும் நகர்த்தினால் திரவம் உள்ளே பரவும். யந்திரம் சற்று ஆறிய பின் மறுபடி ஒரு முறை அடித்துப் பாருங்கள். அப்போதும் ஏறாவிட்டால் அந்த டயரோடு போராடிப் பயனில்லை.

திரவம் பட்டால் பட்டுப்புடவையாயிருந்தாலும் பருத்தியாயிருந்தாலும் கறை போவது கஷ்டம். பழைய துண்டு ஒன்றும் கையுறையும் அந்தப் பெட்டியிலேயே வைத்திருப்பது உத்தமம். குழந்தைகள் கையில் பாட்டிலைக் கொடுக்க வேண்டாம்.

காற்று ஏறிவிட்டதென்றால், ‘அப்பாடா’ என்று ஃபிளாஸ்கைத் திறந்து காப்பி குடிக்க உட்காராதீர்கள்! உடனே புறப்பட வேண்டும். டயர் உருண்டால்தான் திரவம் எல்லாப் பக்கமும் சுற்றிச் சுற்றி ஓட்டைக்குள் போய் உறையும். எண்பது கிலோமீட்டருக்கு மேல் வேகம் போகக் கூடாது என்ற ஒட்டுச் சீட்டு பெட்டியில் இருக்கும். அதை எடுத்து ஓட்டுபவர் கண்ணில் படும்படி ஒட்டிவிடுங்கள். பக்கத்தில் இருப்பவரின் கண்ணிலும் படும்படி! ஐந்து பத்து கிலோமீட்டர் போனதும் பத்திரமான இடத்தில் நிறுத்தி, காற்றை மறுபடி அளந்து பாருங்கள். கொஞ்சம் குறைந்திருந்தால் அடித்துக்கொள்ளலாம். இருபதுக்கும் கீழே போய்விட்டதானால் பயணத்தை அங்கேயே நிறுத்திவிட வேண்டியதுதான். நின்றால், போக வேண்டிய இடம் திருச்சி அல்ல, பக்கத்துப் பஞ்சர் கடை. இது ஒட்டு அல்ல, கட்டு. கட்டுப் போட்டுக்கொண்டு டாக்டரிடம் போக வேண்டுமே தவிர, கல்யாணத்துக்குப் போகக் கூடாது.

பாட்டிலே இல்லை, யந்திரம் மட்டும் இருக்கிறது என்றாலும் கை விரிக்க வேண்டாம். ஆணி குத்தி மெதுவாகக் கசிகிற டயரானால், வெறும் காற்றை நிரப்பிக்கொண்டே கடை வரை போய்ச் சேர்ந்துவிடலாம். விளக்கு மறுபடி எரிகிறதா என்று பார்த்து, நின்று நின்று அடித்துக்கொள்ள வேண்டும். ஊருக்குள் நடக்கிற பஞ்சர்களில் பாதிக்கு மேல் இதுவே போதும் என்பது என் அபிப்பிராயம். இந்த யந்திரம் தனியாகவும் கடைகளில் கிடைக்கிறது. ஸ்டெப்னி இருக்கிற காரிலும் இதை ஒன்று வாங்கிப் போட்டுவைக்கலாம். ஏனென்றால் வருஷக்கணக்கில் யாரும் காற்றே பார்க்காமல் ஸ்டெப்னியும் சப்பையாகக் கிடந்த கதை ஊருக்கு ஊர் உண்டு.

சிலர் ரப்பர்த் திரியும் தமரூசியும் உள்ள சாமான் பெட்டி வாங்கித் தாங்களே ஓட்டையை அடைத்துக்கொள்கிறார்கள். திருகாணி போன்ற ஊசியை ஓட்டைக்குள் விட்டுச் சுரண்டி, திரியைக் கோத்து உள்ளே குத்தி, சரக்கென்று இழுக்க வேண்டும். டயரில் குத்துவதற்கு நல்ல கை பலம் வேண்டும். வீட்டில் ஒரு பழைய டயர் கிடந்தால் அதில் பழகிப் பாருங்கள். பழகாமல் நெடுஞ்சாலையில் ஆரம்பிப்பது, தலைதீபாவளி அன்று முதல் தடவையாக மைசூர்பாகு கிளறுவது போலத்தான்.

எதுவும் பலிக்கவில்லை என்றால் போன் இருக்கிறது. கார் கம்பெனியோ இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியோ சாலை உதவி கொடுக்கிறதா, அது இன்னும் காலாவதியாகாமல் இருக்கிறதா என்பதைப் புறப்படுவதற்கு முன்பே பார்த்து, எண்ணைப் போனில் பதிந்து வையுங்கள். தேசிய நெடுஞ்சாலையானால் 1033 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் உதவி கேட்கலாம். பயமாக இருந்தால், யாராவது தொந்தரவு செய்தால், 112. எந்த இடத்தில் நிற்கிறோம் என்று கேட்பார்கள். சாலையோரக் கிலோமீட்டர் கல்லில் இருக்கும் எண்ணைப் படித்துச் சொன்னால் சட்டென்று கண்டுபிடிப்பார்கள். “ஸ்டெப்னி இல்லாத கார், டயர் பஞ்சர்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் மெக்கானிக் ஜாக்கியும் கையுமாக மோட்டார் சைக்கிளில் வந்து, மாட்டுவதற்குச் சக்கரம் எங்கே என்று உங்களையே கேட்பார்! காரை முழுதாகத் தூக்கி ஏற்றிக்கொண்டு போகும் தட்டை லாரிதான் வேண்டும் என்றும் சொல்லுங்கள். சப்பை டயரோடு கட்டி இழுத்தால் டயர் மட்டுமல்ல, வளையமும் போய்விடும். மின்சாரக் காரில் சக்கரம் சுழன்றால் மோட்டாரும் சுழலும். ஆகையால் அதைக் கட்டி இழுக்கவே கூடாது என்று பெரும்பாலான கம்பெனிகள் சொல்கின்றன.

இந்த இடத்தில் ஒரு பழைய சங்கதி ஞாபகம் வருகிறது. 1888-ம் வருஷம் ஆகஸ்டு மாதம், கார்ல் பென்ஸ் என்ற ஜெர்மானியரின் மனைவி பெர்த்தா, கணவர் செய்த மோட்டாரை அவரிடம் சொல்லாமலே எடுத்துக்கொண்டு, இரண்டு பிள்ளைகளோடு மான்ஹைமிலிருந்து தன் தாயார் வீட்டுக்குப் புறப்பட்டாள். சுமார் நூறு கிலோமீட்டர். உலகத்தில் முதன்முதலாக மோட்டாரில் தூரப் பயணம் செய்தவள் அவள்தான். பெட்ரோல் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சரி செய்தாள். பிரேக் தேய்ந்தபோது ஒரு செருப்புத் தைப்பவரிடம் தோல் பட்டை அடித்துக்கொண்டாள். அவளுக்குப் பஞ்சர் மட்டும் ஆகவில்லை. ஆகவும் முடியாது, அந்த வண்டியின் சக்கரங்களில் காற்றே கிடையாது! அதே 1888-ல்தான் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் டன்லப் என்ற கால்நடை வைத்தியர், தம் பிள்ளையின் மூன்று சக்கர சைக்கிள் அதிராமல் ஓடுவதற்காகச் செய்த காற்று டயருக்கு உரிமை வாங்கினார். அன்று தொடங்கியது இந்தத் தொல்லை.

பெர்த்தாவின் காலத்தில் இல்லாத பஞ்சர் கடை நமக்கு ஊருக்கு நாலு இருக்கிறது. அங்கே போனால் வாயைத் திறந்து இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, “உள்ளே பாட்டில் திரவம் அடித்திருக்கிறோம்” என்பது. சொல்லாவிட்டால், டயரைக் கழற்றும்போது கடைக்காரர் முகமெல்லாம் வெள்ளைக் கஞ்சி அபிஷேகம் ஆகிவிடும். சில கார்களில் காற்று அளக்கும் கருவி வால்வோடு சேர்ந்து டயருக்குள்ளேயே இருக்கிறது. திரவம் உறைந்து ஒட்டிக்கொள்வதற்குள் அதைத் துடைத்து எடுக்க வேண்டும். ஆகையால் ஒரு வாரம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். இரண்டாவது, டயரைக் கழற்றி உள்பக்கத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும். ரப்பர்ப் பொடி உதிர்கிறதா, சுற்றிலும் வளையமாகத் தேய்ந்த கோடு இருக்கிறதா என்று நீங்களே எட்டிப் பாருங்கள். இருந்தால் அந்த டயருக்கு ஒட்டுப் போடச் சொல்லாதீர்கள். நன்றாக இருந்தால், உள்ளேயிருந்து காளான் வடிவத்தில் ஓர் ஒட்டுப் போடுவார்கள். வெளியிலிருந்து திரி குத்துவதைவிட அது கூலி அதிகம், உழைப்பும் அதிகம்.

“ஏன் இவ்வளவு பாடு? நாங்களே ஒரு ஸ்டெப்னி வாங்கிப் போட்டுக்கொள்கிறோமே!” என்று கேட்பீர்கள். தாராளமாக வாங்கலாம். அதே காருக்கான அளவும், நட்டுத் துளைகளும் பொருந்த வேண்டும். டிக்கியில் முன்பு பெட்டி வைத்த இடத்தில் இனிமேல் சக்கரம் இருக்கும். திடீரென்று பிரேக் போட்டால் அது பாய்ந்து வராதபடி பட்டை போட்டுக் கட்ட வேண்டும். இன்னொன்று பலர் மறந்துவிடுகிறார்கள். ஸ்டெப்னி கொடுக்காத கம்பெனி, பெரும்பாலும் ஜாக்கியும் நட்டுக் கழற்றும் ஸ்பேனரும்கூடக் கொடுத்திருக்காது. மூன்றையும் சேர்த்து வாங்கினால்தான் பிரயோஜனம். வருஷத்துக்கு இரண்டு தடவை மட்டும் வெளியூர் போகிற குடும்பத்துக்கு இது வீண் பாரம் என்பது என் எண்ணம். மாதா மாதம் இரவில் நெடுஞ்சாலையில் போகிறவர்களானால் யோசிக்காமல் வாங்கிவிடலாம்.

பாட்டிலின் மேல் ஒரு தேதி அச்சிட்டிருக்கும். அதைக் கட்டாயம் பாருங்கள். சில வருஷங்களில் உள்ளே இருக்கும் திரவம் கெட்டியாகி உதவாமல் போய்விடும். என் சிநேகிதி இதைக் கேட்டுவிட்டு, தன் தங்கை வீட்டுக் காரையும், எதிர் வீட்டுக்காரர் காரையும் சோதித்தாள். தங்கை வீட்டுப் பாட்டில் தேதி முடிந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்ததாம். எதிர் வீட்டுக்காரரின் காரில், பாட்டில் இருக்க வேண்டிய குழியில் அவர் மனைவி இரண்டு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த எவர்சில்வர் டிபன் டப்பா இருந்தது.